அப்பாவின் மெர்சிடிஸ்: விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: மறைந்த அப்பா ஆசையாய் வைத்திருந்த 1983 மாடல் மெர்சிடிஸ் 230இ வீட்டு ஷெட்டில் நிற்கிறது. ஓட்டி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக் கடன் இதுவரை தவறவில்லை. தம்பி விற்றுவிடச் சொல்கிறான், எனக்கு மனம் வரவில்லை. (வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கா)

பதில்: வீட்டுக் கடன் தவறாத வரை அவசரப்பட்டு விற்க வேண்டாம். ஆனால் இப்போது வைத்திருக்கும் விதத்தில் வைத்திருக்கவும் வேண்டாம்.

காப்பீடு, லைசென்ஸ், ஆயில், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவை எழுதிப் பாருங்கள். கையிலிருந்து கட்ட முடிந்தால் கார் இருக்கட்டும். கிரெடிட் கார்டில் இழுத்துத்தான் கட்ட வேண்டும் என்றால் விற்பதே சரி. வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிபாகங்கள் ராண்ட் இறங்கும்போதெல்லாம் விலை ஏறும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டை இன்றோடு நிறுத்துங்கள். அதற்குள் இன்ஜின் சூடேறாது. ஆயிலிலும் சைலன்ஸரிலும் சேர்ந்த ஈரம் அப்படியே தங்கி அரிக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பாது. மாதம் ஒருமுறை 30 கிலோமீட்டராவது நெடுஞ்சாலையில் ஓட்டுவதே நல்லது. அதற்கு முன் டயரில் 'டாட்' (DOT) எழுத்துகளின் வரிசையில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

230இ-யில் பெரிய செலவு வைக்கும் இடம் கே-ஜெட்ரானிக் ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். அதற்குள் ஒரு சின்ன உலோகத் தண்டு மேலும் கீழும் நகர்ந்து பெட்ரோலை அளந்து விடுகிறது. சுற்றியுள்ள இடைவெளி மயிரிழையைவிடக் குறைவு. நாள்பட்ட பெட்ரோல் பிசுபிசுத்தால் தண்டு ஒட்டிக்கொள்ளும். வண்டி காலையில் கிளம்பாது, ஐடிலிங் ஏறி இறங்கும். எனவே டேங்கை முழுதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புதுப் பெட்ரோலை விளிம்புவரை நிரப்புங்கள். தண்டு ஏற்கெனவே இறுகியிருந்தால் எமரித் தாள் போட யாரையும் விடாதீர்கள், தேய்த்த தண்டு பிறகு சரியாக அளக்காது.

கடற்காற்று வீசும் ஊர். ஜாக் வைக்கும் இடங்கள், பேட்டரித் தட்டின் அடி, ஸ்டெப்னி டயர்க் குழி, முன் மட்கார்டு இணைப்பு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கவர் ஈரத்தைப் பூட்டி வைக்கும். காற்றுப் போகும் துணிக் கவர் போடுங்கள்.

ஓட்டாத வண்டிதானே என்று காப்பீட்டை ரத்து செய்துவிடாதீர்கள். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசி எடுங்கள், அதில் சாஸ்ரியா (கலவரச் சேதத்துக்கான அரசுக் காப்பீடு) சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2021 ஜூலையில் நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் நடந்ததுபோன்ற கலவரச் சேதத்துக்கு அதுதான் பணம் கொடுக்கும்.

கேள்வி: கடைசியில் விற்க நேர்ந்தால்? வண்டிப் பத்திரம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பதில்: அப்படியானால் நீங்களோ தம்பியோ நேராக விற்க முடியாது. உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் எக்சிகியூட்டர்தான் (இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர்) கையெழுத்திட வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி என்ற அதிகாரக் கடிதம் போதும். விற்காவிட்டாலும் இதை இப்போதே முடித்து வையுங்கள். பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளில் காகிதத்துக்காகக் காத்திருப்பது கொடுமை.

விற்பதற்காகப் புது பெயிண்ட் அடிக்காதீர்கள். அடியில் துரு இருக்கிறது என்றே வாங்குபவர் நினைப்பார், பெயிண்டுக்கு அடியில் இரும்புதானா என்று காந்தம் வைத்தும் பார்ப்பார். பிரேக், டயர், விளக்கு, சீட் பெல்ட் சரியாக இருந்தால் போதும். ரோட்வொர்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற) சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். ஆள் உறுதியான பிறகு எடுங்கள். அப்பா வைத்திருந்த சர்வீஸ் புத்தகமும் பழைய பில்களும் விலையைக் கூட்டும்.

பணம் அனுப்பியதாக வரும் குறுஞ்செய்தியை நம்பிச் சாவி கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் வந்து நிற்க வேண்டும். உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை அன்றே லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புதியவர் வாங்கும் அபராதச் சீட்டுகள் அப்பா பெயருக்கே வரும்.