பொழுது போகாமல் போரடிக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஃபோனை எடுத்து ஏதாவது ஒன்றைப் படம் பிடிப்பேன். செல்ஃபி இல்லை, சூரிய அஸ்தமனமும் இல்லை. டீ கிளாஸ், சாத்திக் கிடக்கும் ஷட்டர், எதிர் சீட்டுக்காரரின் சாப்பாட்டுப் பை, இந்த மாதிரி.

மும்பையில் மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் ஒரு மசாலா மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு செம்பூரில். ஹார்பர் லைன் மின்சார ரயிலில் போக வர ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. மாதக் கடைசியில் தலை நிமிர முடியாது. மற்ற நாட்களில் மதியத்துக்கு மேல் ஈ ஓட்டுவதுதான் வேலை. வீடியோ பார்க்கலாம் என்றால் சேட் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். படம் எடுத்தால், ஏதோ பில்லை ஸ்கேன் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். இப்படித்தான் ஆரம்பித்தது. கலைத் தாகமெல்லாம் ஒன்றும் கிடையாது.

முதல் மாதம் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். சலித்துவிட்டது. எதை எடுப்பது என்று யோசிப்பதே இன்னொரு போராகிவிட்டது. அப்புறம்தான் வாரத்துக்கு ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் பூட்டு. அடுத்த வாரம் கயிறு. மஸ்ஜித் பக்கம் கயிற்றுக்கா பஞ்சம்? மூட்டை கட்டிய சணல், தள்ளுவண்டியில் சுற்றிய நைலான், டீக்கடைத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கும் கிழிந்த துப்பட்டா வரை எடுத்தேன். இன்றைக்கு இதுதான் என்று முடிவாகிவிட்டால் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வாரத்துக்கு ஐந்து படம் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவேன். இல்லாவிட்டால் ஃபோன் தாங்காது.

இதில் நிழல் வாரம் மட்டும் ஒரு வாரத்தில் முடியவில்லை. ஏப்ரல் கடைசியில் தொடங்கினேன். சாப்பாட்டு இடைவேளையில் கடை மொட்டை மாடிக்குப் போய், மூன்றடுக்கு டிபன் கேரியரைத் தரையில் வைத்து, பன்னிரண்டரையைத் தாண்டி ஐந்து நிமிஷத்தில் தினமும் ஒரு படம். முதல் நாள் வடக்குப் பக்கம் இரண்டு விரற்கடை நிழல் இருந்தது. நாளாக ஆக அது குறுகி, மே 10 வாக்கில் ஒரு கோடு மாதிரி ஆகிவிட்டது. மே 15 அன்று எடுத்த படத்தில் நிழலே இல்லை! கேரியர் ஏதோ படத்தில் வெட்டி ஒட்டியது போல நிற்கிறது. மாதக் கடைசியில் பார்த்தால் நிழல் தெற்குப் பக்கம் எட்டிப் பார்க்கிறது.

விஷயம் இதுதான். சூரியன் நேர் உச்சிக்கு வருவதற்கு வடக்கே கடைசி எல்லை கடக ரேகை. மும்பை 19 டிகிரி வடக்கில், அதற்குத் தெற்கே இருக்கிறது. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே வரும். மே நடுவில் ஒன்று, ஜூலை கடைசியில் ஒன்று. ஜூலையில் இங்கே மேகம் விட்டால்தானே பார்ப்பதற்கு. பன்னிரண்டு மணிக்கு வராமல் ஏன் 12.35 என்றால், நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்க ரேகையை வைத்து ஓடுகிறது, மும்பை அதற்கு வெகு மேற்கே. சூரியன் இங்கே வந்து சேர அவ்வளவு நேரமாகிறது. சென்னையில் இருப்பவர்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டி முயற்சி செய்யலாம். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அவர்கள் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்த கடக ரேகை நாற்பது வயதில் என் டிபன் கேரியரில் வந்து விடிந்தது.

ஸ்டேஷனில் ரயில் நேரம் காட்டும் இண்டிகேட்டர் பலகையைப் படம் எடுத்துப் பாருங்கள், அதுவும் வேடிக்கைதான். கண்ணுக்கு முழு எழுத்தும் தெரியும், படத்தில் பாதிதான் விழும். அந்த எல்இடி விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிவதில்லை, வரிசை வரிசையாக மாறி மாறி எரிகின்றன. நம் கண்ணுக்கு அது பிடிபடாது, வெயில் வெளிச்சத்தில் சட்டென்று மூடிக்கொள்ளும் கேமராவிடம் மாட்டிக்கொள்கிறது. ஆனால் ஓடும் வண்டியில் கதவுப் பக்கம் நின்று ஃபோனை நீட்டாதீர்கள். தண்டவாள ஓரத்தில் கம்போடு நிற்பவன் கையில் ஒரு போடு போடுவான், ஃபோன் கீழே விழுந்ததும் பொறுக்கிக்கொண்டு ஓடிவிடுவான். இங்கே அதற்கு 'ஃபட்கா' என்று பெயரே இருக்கிறது.

மனிதர்களை எடுப்பதில் நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மதிய நேரம், சரக்கு இறக்கிய தள்ளுவண்டி மேலேயே ஒரு சுமை தூக்கும் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மடித்த சாக்கு, வண்டிச் சக்கரத்தில் தொங்கவிட்ட சட்டை. நல்ல படம் என்று கிட்டே போய் எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏ அண்ணா, சோத்தே ஆத்மி கா ஃபோட்டோ காய்க்கோ?" தூங்குகிறவனை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டவர் அவருடைய கூட்டாளி. சும்மாதான் என்றேன். "நீ உன் கடையில் தூங்கும்போது நான் வந்து சும்மா எடுக்கட்டுமா?" என்றார். என்ன பதில் சொல்வது? அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அன்றிலிருந்து தூங்குகிறவர்களை எடுப்பதில்லை. மற்றவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன். கேட்டால் பாதிப் பேர் விறைப்பாக நின்று போஸ் கொடுத்துப் படத்தைக் கெடுக்கிறார்கள். பரவாயில்லை.

நான் எடுத்ததிலேயே அதிகம் திரும்பிப் பார்ப்பது டாக்ஸிக் கூரைகளை. 2017இல் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அதற்கப்புறம் பிசியோதெரபிக்காக வாரம் இரண்டு நாள் பரேலுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. சயனைத் தாண்டித் தெற்கே ஆட்டோ போகாது, டாக்ஸிதான். டிராஃபிக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் அண்ணாந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், அந்தப் பழைய கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினிகளின் உள்கூரை ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ரோஜாப்பூ போட்டது, மயில் போட்டது, நம் ஊர் லாட்ஜ் திரைச்சீலை மாதிரி ஒன்று. "மேலே என்னடா பார்க்கிறே, பல்லியா?" என்றாள் அம்மா.

மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29. இங்கே டாக்ஸிக்கு இருபது வருடம்தான் ஆயுள், அதனால் 2023 அக்டோபர் 30 முதல் அந்த வண்டிகள் ரோட்டில் இல்லை. அந்த வாரம் செய்தியைப் பார்த்துவிட்டுப் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். முப்பத்தெட்டுக் கூரை இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், மயில் போட்ட கூரையில் நிறுத்தினாள்.

"இவன்தாண்டா. சில்லறை இல்லைன்னு இருபது ரூபாய் தராம போயிட்டான்."