டீ.சி.யில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

அன்றைக்கு வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் மகனையும் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்கக் காரைக்குடிக்கு வந்திருந்தீர்கள். கோட்டையூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பாதிப் பேச்சு நின்றுபோனது. மீதியை எழுதுகிறேன்.

"ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள், டீ.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பள்ளியில் சொன்னார்கள் அல்லவா? வாங்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. நீங்களே எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டால் அது நீக்கியதாகவே ஆகாது. அதனால்தான் கையெழுத்தில் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

பையனின் நோட்டைப் பார்த்தேன். 'கெண்டை' என்று எழுதச் சொன்னால் முதலில் 'க' போடுகிறான், அதன் பிறகு கொம்பைப் போடுகிறான். 'ண்டை'யிலும் அப்படியே, ஐகாரக் கொம்பு கடைசியில் வந்து நிற்கிறது. காதில் விழுகிற வரிசையில் எழுதுகிறான். புள்ளி பாதி இடத்தில் இல்லை. ஆனால் அப்பத்தா சொன்ன கதையை ஒரு பெயர் விடாமல் என்னிடம் திருப்பிச் சொன்னான். நான்காம் வகுப்பில் இப்படி இருந்தால் கற்றல் குறைபாடா, அதாவது அறிவு நன்றாக இருந்தும் வாசிப்பதும் எழுதுவதும் மட்டும் சிரமமாக இருக்கும் நிலையா என்று சோதித்துப் பார்ப்பதுதான் முறை. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் உளவியலாளர். அவர் சொல்லும்வரை 'மந்தம்' என்ற சொல் உங்கள் வீட்டில் யார் வாயிலும் வர வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊனங்கள் ஏழு வகைதான். 2016 சட்டம் அதை 21 ஆக்கியபோது கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. அதைச் சீக்கிரமே கண்டறிந்து தக்க உதவி செய்வது பள்ளியின் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். ஆகவே தலைமையாசிரியருக்கு அரைப்பக்கத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: 'என் மகனுக்கு வாசிப்பதில் சிரமம் இருக்கிறது, மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.' நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அப்புறம் சாக்கோட்டை வட்டார வள மையத்துக்குப் போங்கள். சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கிருந்துதான் பள்ளிகளுக்குப் போகிறார்கள். குறைபாடு இருப்பதாகத் தெரிந்தால், அதற்கான சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் சிவகங்கையில்: அரசு மருத்துவமனையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும். (ராயவரத்தில் இருக்கும் உங்கள் நாத்தனார் வீட்டில் யாருக்காவது இது தேவைப்பட்டால் அவர்களுக்குப் புதுக்கோட்டை. செட்டிநாடு ஒன்றுதான், கலெக்டர் ஆபீஸ் இரண்டு!) ஆதார், போட்டோ, இரண்டு வருட நோட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். நோட்டுகளைத் தவறாமல் எடுத்துப் போங்கள்.

தனியாகப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தால், சொல்லித்தருபவர் சிறப்புப் பயிற்றுநர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவரா என்று பாருங்கள். 'மூன்று மாதத்தில் சரியாகிவிடும்' என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் போனில் கேட்டது, "இவன் பின்னாளில் என்ன வேலைக்குப் போவான்?" ஒன்பது வயதுப் பையனுக்கு அதை நான் சொன்னால் அது ஜோசியம். தெரிந்ததைச் சொல்கிறேன். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவற்றைச் சான்றிதழோடு கேட்கலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும் சட்டத்தில் உண்டு. மொழி விலக்கை மட்டும் இப்போதே மனதில் முடிவு செய்துவிடாதீர்கள். தமிழை அவன் காதால் நன்றாகவே பிடித்திருக்கிறான்.

தினமும் இருபது நிமிடம் அப்பத்தா கதை சொல்லட்டும். அதில் வந்த ஐந்து சொற்களை மட்டும் அவன் பெரிதாக எழுதட்டும், கொம்புக்குத் தனி நிறத்தில். அடுத்த முறை வரும்போது அந்தத் தாள்களைக் கொண்டுவாருங்கள். கடிதத்தின் நகலையும்.