மெல்லிய நார்வே கம்பளிப் போர்வை எப்படிக் குளிரைத் தாங்குகிறது?

கைக்குக் கனமே தெரியாத நார்வே கம்பளிப் போர்வை எப்படிக் குளிரைத் தாங்குகிறது, அதை இயந்திரத்தில் துவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. ஆட்டுமயிர் இயல்பாகவே நெளிந்திருப்பதால், அதை நூலாக முறுக்கி நெய்த பின்னும் இழைகளுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் தங்கிவிடுகின்றன. அவற்றில் அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரை மறிக்கிறது. ஓரத்துக் குஞ்சத்தில் ஒரு நூலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்த நெளிவு கண்ணுக்கே தெரியும். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கம்பளி தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது.

இந்த நெசவுக்குப் பெயர்பெற்ற ரோரோஸ், குளிர் −40 பாகைக்கும் கீழே இறங்கக்கூடிய, 1977 வரை செப்புச் சுரங்கம் இயங்கிய நார்வே ஊர். 1789-இல் காலமான சுரங்க இயக்குநர் பேடர் யோர்ட் விட்டுச்சென்ற நிதியிலிருந்து ஏழைகளுக்கு நூற்பும் நெசவும் பிழைப்பாயின என்பதை, அந்தப் போர்வையின் அழகைவிடவும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

இயந்திரத்தில் வழக்கமான முறையில் துவைக்காதீர்கள். மயிரின் மேல் மீன்செதில் போன்ற அடுக்குகள் உள்ளன. வெந்நீரும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போர்வை சுருங்கித் தடித்துவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. பெரும்பாலும் நிழலில் காற்றாட விரித்தாலே போதும். அழுக்கானால் குளிர்ந்த நீரில் கம்பளிக்குரிய சோப்பு நீர்மம் கலந்து, பிழியாமல் அலசி, தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். அழுக்கோடு மடித்து வைத்தால் அந்துப்பூச்சியின் புழுக்கள் அரித்துவிடும்.