மரச்சீனி தப்பியதும் தக்காளி தப்பாததும்

தக்கலையில் ஒரே வரப்பின் இருபுறமும் நிற்கும் செடிகளில் தக்காளி இலையை மட்டும் புழு அரிக்கிறது, மரச்சீனியை, அதாவது மரவள்ளியைத் தொடுவதில்லை, தக்காளிக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, விதம்தான் வேறு.

மரச்சீனி இலையில் லினமரின் என்ற பொருள் உயிரணுவுக்குள்ளும், அதைச் சிதைக்கும் நொதி உயிரணுச் சுவரிலுமாகப் பிரிந்தே இருப்பதால், புழு கடித்து நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து சயனைடு வெளிப்படுகிறது. (நம் வீடுகளில் கிழங்கை வேகவைத்து நீரை வடிப்பதும் இதற்காகத்தான்.) ஆனால் திசுவை நசுக்காமல் சாற்றை மட்டும் உறிஞ்சும் மாவுப்பூச்சியிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை.

தக்காளியோ கடிபட்ட பிறகே விழித்துக்கொள்கிறது. ஓர் இலை காயம்பட்டால், கடிபடாத இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் சேர்வதை 1972இல் கிரீன், ரயன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினர். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். புழு உடனே சாகாது, அதன் வளர்ச்சி மந்தமாகும். கடிபட்ட இலை விடும் வாசனை புழுவைத் தேடும் குளவிகளையும் அழைக்கும் என்பதால், அவசரப்பட்டு மருந்தடிக்காதீர்கள். இலையின் அடிப்புறத்தில் முட்டைக் குவியல் இருந்தால் கிள்ளி அழியுங்கள். யூரியாவையும் குறையுங்கள், ஏனெனில் தழைச்சத்து மிகுந்த இளந்தழைதான் புழுவுக்கு விருந்து.