ஜிமேட்டில் 675: பெரிய பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைக்குமா?

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக டெஸ்டிங் வேலை. பொறியியல் பட்டத்தில் 68 சதவீதம். எம்பிஏ சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான புதிய ஜிமேட்டில் 675. எம்பிஏவுக்கு ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், பிரான்சின் இன்சியாட் மூன்றிலும் விண்ணப்பிக்க ஆசை. ஹார்வர்டில் சேர்ந்தவர்களின் ஜிமேட் மதிப்பெண் 740 என்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மறுபடி தேர்வு எழுதவா? எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு?

பதில்: அந்த 740 பழைய ஜிமேட்டின் கணக்கு. 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வின் அளவே வேறு. 205 முதல் 805 வரை, எல்லா மதிப்பெண்ணும் 5-இல்தான் முடியும். புதிய 645 ஏறக்குறைய பழைய 700-க்குச் சமம். உங்கள் 675, பழைய 730-ஐ ஒட்டி வரும். அதோடு 740 என்பது இடைநிலை மதிப்பெண். சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அதைத் தாண்டவில்லை. அதனால் மறுபடி எழுத வேண்டாம். பட்டப்படிப்பில் கணக்குப் பாடங்கள் காலை வாரி, ஜிமேட்டிலும் குவாண்ட் என்ற கணக்குப் பகுதி மட்டும் இறங்கியிருந்தால் யோசிக்கலாம்.

சதவீதம் சொல்லச் சொன்னால் மாட்டேன், சொல்பவரையும் நம்பாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆறேழாயிரம் பேர் விண்ணப்பித்து, வகுப்பில் உட்காருபவர்கள் 420, 430 பேர்தான். மதிப்பெண் வரிசைப்படி ஆள் எடுப்பதில்லை. ஒரே துறைக்காரர்களால் வகுப்பை நிரப்பவும் மாட்டார்கள். ஆக, உங்களுக்கு உண்மையான போட்டி உங்களைப் போலவே மென்பொருளிலிருந்து வரும் பொறியாளர்கள்தான். அவர்களில் பலரிடம் இதே 675 இருக்கும்.

அப்புறம் எதை வைத்துப் பிரிப்பார்கள்? ரெஸ்யூமேயில் 'வங்கிச் செயலியின் டெஸ்டிங் பொறுப்பு' என்று எழுதினால் அது உங்கள் பதவியின் விவரம், அவ்வளவுதான். 'வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போக இருந்தது. பணம் அனுப்பும் பகுதியை முதலில் சோதிக்கலாம் என்று இரண்டு அணிகளைச் சம்மதிக்க வைத்தேன். குறித்த நாளில் வெளிவந்தது' என்றால் அங்கே ஒரு ஆள் தெரிகிறார். மேலதிகாரி சொல்லாமல், பதவி கையில் இல்லாமல் நீங்கள் முடித்த காரியங்கள் இப்படி இரண்டு, மூன்று தேறுமா? தேறினால் 68 சதவீதம் பெரிய தடை இல்லை. தேறாவிட்டால் 705 வாங்கினாலும் கஷ்டம்தான்.

பரிந்துரைக் கடிதத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் தலா இரண்டு கேட்கின்றன. 'இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான விமர்சனம் என்ன, அதை எப்படி எடுத்துக்கொண்டார்?' என்பது பல கல்லூரிகள் கேட்கும் கேள்வி. உங்களோடு தினமும் வேலை செய்யாத பெரிய அதிகாரியால் இதற்குப் பதில் எழுத முடியாது. நேரடி மேலாளரையே கேளுங்கள்.

சரி, என் கணிப்பு: ஸ்டான்ஃபோர்டும் ஹார்வர்டும் எட்டாத உயரம் இல்லை, ஆனால் நம்பி உட்கார முடியாது. இன்சியாட் ஆண்டுக்கு இரண்டு முறை, மொத்தம் ஆயிரம் பேர் வரை எடுக்கிறது. மூன்றில் உங்களுக்கு அதுதான் கைக்கெட்டும் தூரம். வெளிநாட்டு அணிகளோடு வேலை செய்திருந்தால் அங்கே அதை அழுத்திச் சொல்லுங்கள். இவற்றோடு, உங்கள் மதிப்பெண் சராசரிக்கு மேலே நிற்கும் கல்லூரிகள் இரண்டையாவது பட்டியலில் சேருங்கள்.

ஹார்வர்டில் விண்ணப்பிக்கச் செப்டம்பர், ஜனவரி என இரண்டே சுற்று. மேலே சொன்ன காரியங்களும் கடிதங்களும் ஜனவரிக்குள் தயாராகாவிட்டால் அடுத்த செப்டம்பருக்குப் போங்கள். ஜிமேட் மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும்.