யாரை யாருக்கு அறிமுகம் செய்வது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சுவாமிமலையில் எங்களுக்குச் சிலை வார்க்கும் பட்டறை, தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. தை மாதம் ஜெர்மனியிலிருந்து ஒருவரும் ஜப்பானிலிருந்து இருவரும் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள். சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் கூட வருகிறார். கை கொடுப்பதா, குனிவதா, கும்பிடுவதா என்று குழப்பம். அப்பா, “மாலை, பொன்னாடை, சந்தனம். நம்ம வழக்கம் நமக்கு” என்கிறார். கணக்கும் ஏற்றுமதித் தாள்களும் பார்ப்பது என் தங்கை. அவள் கை கொடுக்கலாமா என்று வீட்டில் ஒரே பேச்சு. இன்னொன்று, ஜெர்மன்காரர் மின்னஞ்சலில் என்னை அப்பா பெயர் சொல்லி ‘திரு’ போட்டு அழைக்கிறார். திருத்தினால் தப்பாக நினைப்பாரா?

பெயர் போட வேண்டாம்.

—ஒரு வாசகர், சுவாமிமலை

அன்புள்ள நண்பருக்கு,

கும்பிடுங்கள். உங்கள் வாசலில் நீங்கள் கும்பிடுவதில் யோசிக்க என்ன இருக்கிறது? 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில், பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ஸ்பெயின் அரசரையும் அரசியையும் பாரிஸில் கைகூப்பித்தான் வரவேற்றார். கும்பிட்ட பிறகு வந்தவர் கை நீட்டினால் கொடுங்கள். ஜெர்மன்காரர் பெரும்பாலும் நீட்டுவார்; வரும்போதும் போகும்போதும், அங்கே இருக்கிற எல்லோருக்கும். ஜப்பானியர் தலை குனிந்தால் நீங்களும் லேசாகக் குனிந்தால் போதும். எத்தனை டிகிரி என்று யூடியூபைப் பார்த்து முதுகை வளைத்துப் பழக வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாரை யாருக்கு, என்ன சொல்லி அறிமுகம் செய்யப்போகிறீர்கள்? நம் பக்கத்தில் வரவேற்புக்குக் குறைவே இருக்காது, அறிமுகம்தான் இருக்காது. காப்பி வரும், முறுக்கு வரும். கொண்டுவந்து வைத்தவர் யார் என்று ஒருவரும் சொல்ல மாட்டோம். பட்டறைக்குள் போனால் மெழுகில் உருப் பிடிக்கிறவர், அதன் மேல் காவிரி வண்டலைப் பூசுகிறவர், உலோகம் ஊற்றுகிறவர், கடைசியில் உளி வேலை பார்க்கிறவர் என்று ஆளாளுக்கு ஒரு கைத்திறன். “இவங்க எல்லாம் நம்ம ஆளுங்க” என்று பொதுவாகக் கையைக் காட்டிவிட்டு ஏசி அறைக்கு நகர்ந்துவிடுவோம். வருகிறவர் காசு கொடுக்கப்போவதே அந்தக் கைகளின் வேலைக்குத்தான். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று பெயர், செய்கிற வேலை, எத்தனை வருஷமாகச் செய்கிறார் என்பதைச் சொல்லுங்கள். முந்தின நாளே அவர்களிடமும் சொல்லிவையுங்கள், திடீரென்று நிறுத்தினால் கூச்சப்படுவார்கள்.

நமக்குத் தெரிந்த அறிமுகம் “யாரு வீட்டுப் புள்ள?” என்பதுதான். ஊர், தெரு என்று அது இறங்கி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். தொழிலுக்கு அது வேண்டவே வேண்டாம். வருகிற மொழிபெயர்ப்பாளரிடம் உங்கள் அப்பா நிச்சயம் “சொந்த ஊர் எது?” என்று ஆரம்பிப்பார். முன்கூட்டியே காதில் போட்டுவையுங்கள். அந்த மொழிபெயர்ப்பாளரும் விருந்தாளிதான், அவர் பெயரையும் எல்லோருக்கும் சொல்லுங்கள். பேசும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜப்பானியர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

அறிமுகத்தில் யார் முந்தி என்பதற்கு மேலைநாட்டு வணிகத்தில் ஒரு முறை உண்டு. பெரியவரிடம் சின்னவரை அறிமுகம் செய்ய வேண்டும், அதில் வாடிக்கையாளர்தான் எல்லோரையும் விடப் பெரியவர், சொந்த முதலாளியை விடவும். அதாவது வந்தவர் பெயரை முதலில் சொல்லி அழைத்து, “இவர் என் அப்பா, பட்டறையை நடத்துகிறவர்” என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இது உறுத்தலாம். ஒரு வாக்கியத்தில் யார் பெயர் முதலில் வருகிறது என்ற அளவுதான் இது, பந்தியில் யாருக்கு முதல் இலை என்பதல்ல என்று சொல்லிப் பாருங்கள்.

ஜப்பானியர் வழக்கம் இதில் இன்னும் ஒரு படி மேலே. வெளியாரிடம் தங்கள் நிறுவனத் தலைவரைப் பற்றிச் சொல்லும்போதுகூட ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்க மாட்டார்கள். நாம் நேர் எதிர், “ஐயா சொல்லிட்டாங்க” என்று எதிரில் இருப்பவருக்கும் சேர்த்து நம் ஐயாவின் பெருமையை உணர்த்துவோம். எனக்கு நம் வழக்கம்தான் பிடிக்கும். வருகிற இருவரில் இளையவர் மூத்தவர் பெயரை மொட்டையாகச் சொன்னால், அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் அவர்கள் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரோடு மட்டும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் விஷயத்தை இன்றைக்கே திருத்துங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம், அவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். “அது என் தந்தையின் பெயர், என்னை இப்படி அழையுங்கள்” என்று இரண்டு வரி போதும், தப்பாக எடுக்க மாட்டார். பேசாமல் விட்டால் அன்றைக்கு ஒரு குரலுக்கு இரண்டு பேர் திரும்புவீர்கள்.

விசிட்டிங் கார்டு அச்சடிக்கும்போது இனிஷியலைப் பின்னால் தள்ளி, கூப்பிடும் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். ஜப்பானியருக்கு அதை நின்றுகொண்டு, எழுத்து அவர் பக்கம் இருக்கும்படி, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். தாம்பூலம் கொடுத்துப் பழகிய கைக்கு இது சிரமமே இல்லை. அவர் கொடுத்ததை வாங்கியதும் ஒருமுறை படியுங்கள். உட்கார்ந்த பிறகு மேஜை மேல், அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே வையுங்கள். பின்பாக்கெட்டில் செருகக்கூடாது, அதன் மேல் போன் நம்பர் கிறுக்கக்கூடாது. (காது குடைகிற ஆசாமிகளையும் பார்த்திருக்கிறேன்.)

மாலை, பொன்னாடை இருக்கட்டும், அப்பா மனசை ஏன் கெடுக்க வேண்டும்? சந்தனத்தை மட்டும் நீங்களே நெற்றியில் இட்டுவிடாமல் தட்டை நீட்டுங்கள். முதல் சந்திப்பில் முகத்தைத் தொடுவது பலருக்கு ஆகாது. செருப்பைக் கழற்றுவது ஜப்பானியருக்குப் பழக்கம். ஜெர்மன்காரரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் தங்கை. வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. அவர் கை கொடுத்தாலும் சரி, எல்லோருக்கும் ஒரே மாதிரி கும்பிட்டாலும் சரி, இந்த மூவரும் குறையாக நினைக்க மாட்டார்கள். நாளைக்கு வளைகுடாவிலிருந்து யாராவது வந்தால் ஆண்கள் முந்திக்கொண்டு பெண்ணிடம் கை நீட்ட மாட்டார்கள், அவர் நீட்டினால்தான் உண்டு. சிலர் அப்போதும் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. “என் தங்கை” என்பதற்கு முன்னால் “கணக்கும் ஏற்றுமதியும் இவர் பொறுப்பு” என்று சொல்லிவிடுங்கள். விலையும் பாக்கியும் கப்பல் தேதியும் அவரோடு பேச வேண்டியவை என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டால், பிறகு அவர்கள் எதற்கெடுத்தாலும் உங்களைத் தேட மாட்டார்கள்.