பதில்: கறிவேப்பிலை நுனி கருகுவது தண்ணீர்ப் பஞ்சத்தால் அல்ல

வணக்கம்ங்க. சேலம் அஸ்தம்பட்டியில் மாடித்தோட்டம், காவிரித் தண்ணீர் வராத நாளில் ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிக்கும் கருவி) கழிவுநீரை ஊற்றுகிறேன், கறிவேப்பிலையும் மல்லிகையும் நுனி கருகுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். தொட்டி விளிம்பை விரலால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி வந்தால் காரணம் உப்புதான். போர்வெல் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் திரண்டு வெளியேறுகிறது. நம்மூர் வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். சிக்கனம் என்று நினைத்து இப்படி இரண்டு மல்லிகையைக் கொன்றவன்தான் நானும்.

முதலில் நல்ல தண்ணீரை அடித்துளையில் வழிந்தோடும் வரை ஒருமுறை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். அப்புறம் மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிட்டால் ஈரம் சீக்கிரம் போகாது.

கழிவுநீரையும் வீணாக்க வேண்டாம். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற அது போதும். செடிக்கு அரிசி கழுவிய தண்ணீர், ஏசியில் சொட்டுவது. ஏசி தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, அடியில் ஒரு பக்கெட் வையுங்கள்.

மழைதான் பெரிய வரவு. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 1000 லிட்டர். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு, மிச்சத்தை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் வலை கட்டிவிடுங்கள்.

உங்கள் மாடியில் மழைநீர்க் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது?